அடுத்த பாரா

காலை பத்தரை மணி. வெளியே வராந்தாவில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கூப்பிட்ட பெயர் கா. சசிரேகா.

ஆமாம், உங்கள் மகளுக்குப் பாடம் எடுத்த அதே சசிரேகா மேடம்தான். நீங்கள் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு அந்த நேர்காணல்தான் ஞாபகம் வருகிறது. பதினோரு வருஷம் என்னிடம் இருந்தவள். வேறு எவ்வளவோ ஞாபகம் வரலாம். வருவது அந்த ஒரு காலைதான். இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். பஸ் எப்படியும் இப்போதைக்கு எடுக்கப்போவதில்லை.

அதோ பாருங்கள், டெப்போ வாசலில் கொடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாயிற்கூட்டம் என்பார்கள். டியூட்டிக்குப் போகிறவரும் முடித்து வருகிறவரும் வாசலில் நின்று பேசிவிட்டுக் கலைவது. வேலைநிறுத்தம் இல்லை, அதற்கு முந்தின படி. நம் கண்டக்டரும் அங்கேதான் நிற்கிறார். முன் சீட்டு அம்மா கேட்டார்களே, "தம்பி, வண்டி போகுமா போகாதா, நான் சாவு வீட்டுக்குப் போகணும்" என்று. அவர் என்ன சொன்னார், கேட்டீர்களா? "போகும்மா. பொணம் எங்கயும் ஓடிடாது, எங்க பஞ்சப்படிதான் ஓடிடும்." பஸ்ஸே சிரித்தது, அந்த அம்மா உட்பட. இதுதான் தொழிலாளியின் பேச்சு. எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

நான் முப்பத்து நான்கு வருஷம் இதைத்தான் பாடமாக நடத்தினேன். தொழிலுறவு. வேலை கொடுப்பவருக்கும் செய்பவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்கிற படிப்பு. என் பெயர் தணிகாசலம். உங்கள் மகள் சொல்லியிருப்பாளே? இல்லையா? சரி, அவள் படித்த காலத்தில் நான் துறைத் தலைவர். நிர்வாக வேலையே சரியாக இருந்தது. வகுப்பையெல்லாம் சசிரேகா பார்த்துக்கொண்டாள்.

அவள் அரியலூர்ப் பக்கம். அப்பா காத்தமுத்து சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். ஒப்பந்தக்காரரின் ஆள், ஆலையின் ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஏற்றினார், கடைசி வரை ஒப்பந்தக்காரரின் ஆள்தான். நெஞ்சு முழுக்கத் தூசி. அவள் முனைவர் பட்டத்துக்கு என்னிடம் வந்தபோது தலைப்பை நான்தான் கொடுத்தேன்: சிமெண்டு ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர். மற்ற மாணவர்களுக்கு ஆலைக்குள் போக அனுமதி வாங்கவே ஒரு வருஷம் ஆகும். "நீ உங்க அப்பா சாப்பாட்டுத் தூக்கோட உள்ள போயிடலாம்மா" என்றேன். போனாள். அப்படித்தான் தரவு சேர்ந்தது. அந்த ஆய்விலிருந்து ஆறு கட்டுரைகள் வந்தன. முதல் பெயர் என்னுடையது, அடுத்தது அவளுடையது. அது மரபு.

நான் வேறுபாடு பார்க்கிறவன் இல்லை, சார். நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் வீட்டில் அவள் சமையலறை வரைக்கும் வருவாள். விருந்தாளிகள் வந்தால் பாத்திரமெல்லாம் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். வீட்டில் என் மனைவி, "நமக்கு ஒரு பொண்ணு இருந்தா இவ்வளவு செய்யுமா" என்பாள்.

பட்டம் வாங்கிய கையோடு எங்கள் துறையிலேயே கௌரவ விரிவுரையாளர் வேலை போட்டுக்கொடுத்தேன். நிரந்தரம் கிடையாது. ஏப்ரல் கடைசியில் அனுப்பிவிடுவோம், ஜூனில் புது ஆணை கொடுப்போம். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் நடப்பதுதான். அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "சம்பளத்தக் குறைக்கணும்னா முன்னாடி கௌரவம்னு ஒரு வார்த்தையச் சேர்த்துடறாங்க சார்" என்று ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நானும் சிரிப்பேன். துறையில் அந்தச் சுதந்திரம் உண்டு.

மே மாதம் அவர்கள் ஊழியர்கள் இல்லை. சம்பளம் இல்லை, வருகைப்பதிவில் பெயர் இல்லை. ஆனால் மாணவர் சேர்க்கையும் விடைத்தாளும் தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகளும் எல்லாம் மே மாதத்தில்தானே வரும்? அவள் வருவாள். ஒருமுறை கோப்பு கட்டிக்கொண்டே கேட்டாள்.

"மே மாசம் நான் இங்க யாரு சார்?"

"என் மாணவிம்மா" என்றேன்.

அவள் கோப்புக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். நெகிழ்ந்துவிட்டாள் போல.

இப்படியே போயிருக்கும். 2022 ஏப்ரலில் கௌரவ விரிவுரையாளர்கள் எல்லோரும் நிர்வாகக் கட்டடத்து வாசலில் உட்கார்ந்தார்கள். மே மாதச் சம்பளம் வேண்டும், அனுப்பிவிட்டுத் திரும்ப எடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்று. சசிரேகாவும் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால்கூடப் பரவாயில்லை, பேச்சுவார்த்தைக்குப் போன மூன்று பேரில் ஒருத்தியாகப் போனாள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பேன்.

பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். "சார், லேபர் விஷயத்துல நீங்கதானே நமக்கு நிபுணர். இவங்க தொழிலாளர் சட்டம் அது இதுன்னு பேசறாங்க. ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் குடுங்க. நான் வாசிச்சுட்டு எழுந்துடறேன்" என்றார்.

எழுதுவதற்கு எனக்கு நேரம் ஏது? சசிரேகாவின் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் 'யார் தொழிலாளி' என்பது. அருமையான அத்தியாயம், நான் திருத்தியது. அதில் ஒரு பாரா: உடலுழைப்பு, எழுத்து வேலை, தொழில்நுட்ப வேலை செய்கிறவரைத்தான் சட்டம் தொழிலாளி என்கிறது, கற்பிப்பது அந்த வகையில் வராது, ஆகவே ஆசிரியர் தொழிலாளி இல்லை, தொழிலாளிக்கு உள்ள எந்தப் பாதுகாப்பையும் அவர் கேட்க முடியாது. கச்சிதமாக எழுதியிருந்தாள். அதை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அடியில் அவள் பெயரையும் போட்டேன், வருஷத்தோடு, பக்க எண்ணோடு. எத்தனை பேர் மாணவர்கள் பெயரைப் போடுகிறார்கள்?

பதிவாளர் பிறகு சொன்னார். அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது எதிரே இருந்த பெண்ணின் உதடு அசைந்ததாம். முதலில், ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறார். அப்புறம் பார்த்தால் இவர் வாசிக்கப்போகும் சொல்லை அவள் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறாள். முடித்ததும், "அடுத்த பாராவையும் படிங்க சார்" என்றாளாம். "அடுத்த பாரா எனக்கு வரலையேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துவிட்டார். கூட வந்த இரண்டு பேரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே என்று பதிவாளர் சிரித்தார். பின்னே? அடியில் அவள் பெயர் அல்லவா இருந்தது.

அன்று மத்தியானம் நேராக என் அறைக்கு வந்தாள்.

"சார், என் மூணாவது அத்தியாயத்தைக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்மா. உன் பெயரைப் போட்டுத்தான் குடுத்திருக்கேன்."

"அடுத்த பாரா எங்க சார்?"

"ஒரு பக்கத்துக்குள்ள இருக்கணும்னு சொன்னாங்க."

"அது நாலு வரிதான் சார்."

"அது உன் கருத்துமா. முதல் பாராதான் சட்டம்."

நின்றுகொண்டே இருந்தாள். "உக்காரு, டீ சொல்றேன்" என்றேன். வேண்டாம் என்று போய்விட்டாள். நீங்களே சொல்லுங்கள், ஓர் ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? முனைவர் பட்ட ஆய்வேடுகள் நூலகத்தில் கட்டுக் கட்டாகத் தூசி படிந்து கிடக்கின்றன. யாரும் பிரிப்பதுகூட இல்லை. அவளுடைய எழுத்து ஒரு போராட்டத்தையே முடித்துவைத்தது. இரண்டு நாளில் வாசல் காலி.

அதற்கப்புறம் மற்ற கௌரவ விரிவுரையாளர்கள் அவளோடு சாப்பிட உட்காருவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அது அவர்களுக்குள் உள்ள உறவு.

இந்தச் சமயத்தில்தான் அந்த இடம் வந்தது. உதவிப் பேராசிரியர், நிரந்தரம், எங்கள் துறையில். இந்தப் படிப்பில் அப்படி ஓர் இடம் வருவது எத்தனையோ வருஷத்துக்கு ஒருமுறைதான். பாதிப் பல்கலைக்கழகங்களில் எங்கள் துறையையே மூடி மேலாண்மைத் துறையோடு சேர்த்துவிட்டார்கள். அதுவும் இடஒதுக்கீட்டுச் சுழற்சி முறைப்படி அவர்கள் வகுப்புக்கு ஒதுக்கிய இடம். மாநிலம் முழுக்கத் தேடினாலும் அவளைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. எட்டு வருஷம் அதே பாடத்தை நடத்தியிருக்கிறாள். "உனக்குத்தான்மா" என்றேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "அப்பாகிட்ட சொல்லட்டுமா சார்?" என்று கேட்டாள். "சொல்லு" என்றேன். சொல்லிவிட்டாள். அவர் அரியலூரிலிருந்து பலாப்பழம் கொடுத்துவிட்டார். இரும்பு மாதிரிக் காய். பழுக்கவே இல்லை, அது வேறு.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால் துணைவேந்தர் கேட்டார். "வாசல்ல உக்காந்த பொண்ணுதானே இது?"

"இப்பத் திருந்திட்டா சார்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"நானே கேக்கறேன் சார், உங்க முன்னாடி."

அன்றே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். எந்த நெறியாளர் இப்படிச் செய்வார்? கேள்வியையே முன்கூட்டிச் சொன்னேன். "ஆசிரியர் தொழிலாளியான்னு நான் ஒரு கேள்வி கேப்பேன். 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"சரி சார்" என்றாள். சரி என்றுதான் சொன்னாள். காதால் கேட்டேன்.

2023 பிப்ரவரி. குழுவில் துணைவேந்தர், வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், நான். அவள் உள்ளே வந்தாள். புதுச் சேலை. நிபுணர் இருபது நிமிஷம் கேட்டார். கூலிச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், ஆலைக்குள் அவள் பார்த்தது. எல்லாவற்றுக்கும் பதில். "பேஷ், பேஷ்" என்றார் மனிதர். வாய்விட்டே சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நான் வளர்த்த பிள்ளை அல்லவா?

அப்புறம் நான் கேட்டேன். "ஆசிரியர் தொழிலாளியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் துணைவேந்தரைப் பார்த்தாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லைன்னு முதல் பாராவுல இருக்கு சார்" என்றாள். "அடுத்த பாரா சொல்லட்டுமா?"

நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. கண்ணாலும் சொன்னேன். அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மனப்பாடமாக, நிதானமாக, வகுப்பெடுப்பது போல. 'வேலையைக் கொடுப்பவரும், நேரத்தை விதிப்பவரும், வேண்டாம் என்று அனுப்புபவரும் ஒருவரே என்றால், அனுப்பப்படுகிறவர் தொழிலாளிதான். சட்டம் அந்தப் பெயரைத் தர மறுப்பது, அவர் தொழிலாளி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பெயர் தர மறுத்தால் யாருக்கு லாபம் என்பதற்கு மட்டுமே அது சான்று.'

துணைவேந்தர், "தேங்க் யூ" என்றார்.

ஒரு சொல், சார். இ, ல், லை. மூன்றே எழுத்து. எனக்காகச் சொல்லியிருக்கலாம். அவள் அப்பாவுக்காகவாவது சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு வந்து உள்ளே உட்கார்ந்த பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டுமே, யார் தடுத்தார்கள்? நான் அப்படித்தான் வந்தேன். எல்லோரும் அப்படித்தான் வருகிறோம். அவள் மட்டும் என்ன?

மற்ற பதின்மூன்று பேரையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தோம். எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள்தான், கட்டுரை எழுதியவர்கள்தான். ஆனால் ஆட்களைப் பார்க்க வேண்டுமே. ஒருவர் தென்காசியிலிருந்து பாசஞ்சரில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார், பேச்சுக்கு நடுவில் கொட்டாவி. இன்னொருவர் காலையில் ஒரு கல்லூரி, மாலையில் ஒரு கல்லூரி, நடுவில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாராம். "அதுவே ஆய்வுக்களம்தான் சார்" என்றார். துணைவேந்தர், "அப்ப அங்கயே இருங்க, களத்தை விட்டு ஏன் வர்றீங்க" என்றார். ஆர்வமே இல்லை, சார், இந்தத் தலைமுறைக்கு.

கடைசியில் நிபுணர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "முதல்ல வந்த பொண்ணு..."

துணைவேந்தர் சொன்னார்: "அவங்களே தொழிலாளின்னு சொல்லிட்டாங்க. நாம கேட்டது ஆசிரியர்."

எல்லோரும் சிரித்தோம். நகைச்சுவை என்று பார்த்தால் பொருத்தமானதுதான், ஒப்புக்கொள்ள வேண்டும். 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று எழுதினார்கள். நிபுணர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். போட்டேன். இரண்டு கையெழுத்து விழுந்த பிறகு மூன்றாவதால் என்ன ஆகப்போகிறது? பதினான்கு பேரில் ஒருவர்கூடவா என்று நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். ஒதுக்கீட்டு இடம் எங்கேயும் போகாது, சார். அப்படியே இருக்கும். அடுத்த அறிவிப்பு வரும்போது அவர்களே மறுபடி விண்ணப்பிக்கலாம்.

ஜூனில் அவளுக்குக் கௌரவ விரிவுரையாளர் ஆணையும் கொடுக்க முடியவில்லை. இது பலருக்குப் புரிவதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். தகுதி இல்லை என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதே ஆளை அதே பாடத்துக்கு வகுப்பெடுக்க வைத்தால் தணிக்கைக்காரர் கேட்பாரா மாட்டாரா? 'தகுதியில்லாதவரை எட்டு வருஷம் எப்படி வைத்திருந்தீர்கள்' என்று திருப்பிக் கேட்டால் யார் பதில் சொல்வது? துறைத் தலைவர்தான். நான்தான். அவளை வரச்சொல்லி இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டாள். "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்" என்றாள். "சொல்லச் சொன்னது நீங்கதானே."

அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது. போகும்போது அலமாரிச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். போய்விட்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. பதினோரு வருஷம், சார். மனசு கஷ்டப்பட்டது. அந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். விழா நடத்தினார்கள், பொன்னாடை, மலர் எல்லாம். வீட்டில் என் மனைவி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சசிரேகா வருவாள் என்று. வரவில்லை.

இப்போது எங்கே இருக்கிறாள் என்றுதானே கேட்டீர்கள்? ஒரகடம் பக்கம், தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தில். நல்ல வேலை, ஏசி அறை. எந்த ஒப்பந்தத் தொழிலாளியும் நிரந்தரம் கேட்கும் அளவுக்கு ஒரே இடத்தில் தொடர்ந்து இருந்துவிடாமல், நாள் பார்த்து ஆலை மாற்றி அனுப்புவது. சட்டம் கரைத்துக் குடித்தவர்களால்தான் அது முடியும். எங்கள் துறை விளம்பர மடலில் 'வேலைவாய்ப்புப் பெற்ற முன்னாள் மாணவர்கள்' பகுதியில் அவள் படத்தைப் போட்டோம்.

மாணவர்களைத் தொழிற்சாலை பார்க்க அழைத்துப்போனபோது அங்கேயும் போனோம். அவளே வந்து விளக்கினாள். ஆளை எப்படி எடுக்கிறோம், எப்போது நிறுத்துகிறோம், எத்தனை நாள் கழித்துத் திரும்ப எடுக்கிறோம். ஒரு தடுமாற்றம் இல்லை. ஒரு பையன் எழுந்து, "மேடம், நிறுத்தின நாள்ல அவங்க உங்களுக்கு யாரு?" என்று கேட்டான். துடுக்கான பையன்.

"ஒருத்தரும் இல்லை" என்றாள். அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினாள். "சார் என் கைடு. இதெல்லாம் நான் சார்கிட்ட கத்துக்கிட்டதுதான்."

பையன்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை பாருங்கள். ஒரு வாய் காபி குடியுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. வேலை மும்முரம் போல.

கூட்டம் கலைகிறது. டிரைவர் ஏறிவிட்டார், கதவோரம் நிற்கும் அந்த அம்மாவை உட்காரச் சொல்லுங்கள்.

என்ன கேட்டீர்கள்? ஓய்வு பெற்றவன் எப்படி மாணவர்களை அழைத்துப்போனேன் என்றா? அந்த இடம் காலியாகத்தானே கிடந்தது? பாடம் நடக்க வேண்டாமா? 'தகுதியானவர் கிடைக்கும் வரை' என்று ஆணை போட்டார்கள். 2023 ஜூலை 3, திங்கட்கிழமை முற்பகல், அந்தப் பணியிடத்தில் நான் சேர்ந்தேன்.